பேசிங்கின் செங்கல் கொட்டகை

பேசிங் ஹவுஸ் என்று பலகை இருக்கிறது, சீட்டும் கொடுக்கிறார்கள். உள்ளே போனால் வீடுதான் இல்லை. புல் மூடிய மேடுகள், அகழிப் பள்ளங்கள், இடுப்பளவில் நிற்கும் செங்கல் சுவர்கள், வானம் பார்த்துக் கிடக்கும் நிலவறைகள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் அரச குடும்பத்துக்கு வெளியே ஒருவர் கட்டியவற்றில் மிகப் பெரிய மாளிகை என்று பேசப்பட்ட இடம் இது.

நான் போனது மாளிகையைத் தேடி அல்ல. அதற்கு வடக்கே, கோட்டை மதிலுக்கு வெளியே, லாடன் ஆற்றுப் பக்கம் ஒரு செங்கல் கொட்டகை நிற்கிறது. மாளிகைக்கு நெல்லளந்த இடம் என்று நாமானால் சொல்லியிருப்போம். இவர்களுக்குக் கோதுமையும் பார்லியும். 1530-களின் நடுவில் கட்டியது. கிட்டத்தட்ட 490 வருடங்களாக அதே சுவர், அதே ஓக் மரக் கூரையுடன் நிற்கிறது. ஊர்க்காரர்கள் ‘கிரேட் பார்ன்’ என்கிறார்கள்.

போவது எளிது. லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பேசிங்ஸ்டோக். அது கண்ணாடிக் கட்டடங்களும் ரவுண்டானாக்களும் நிறைந்த புதிய நகரம், நின்று பார்க்க அதிகம் இல்லை. அங்கிருந்து கிழக்கே இரண்டு மைல் நடந்தால் ஓல்டு பேசிங் கிராமம். நகரத்தின் இரைச்சல் திடீரென்று நின்று, சிவப்புச் செங்கல் வீடுகள் ஆரம்பிக்கும். அந்த வீடுகளின் சுவர்களையும் பார்த்துக்கொண்டே நடங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கொட்டகையை முதலில் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். நூறடிக்கு மேல் நீளம். சீரான இடைவெளியில் அணைசுவர்கள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சுவரைவிடக் கூரைதான் கண்ணை நிறைக்கிறது. செங்குத்தாக இறங்கும் தட்டோட்டுக் கூரை, வருடக்கணக்கில் பாசியும் பூஞ்சணமும் படிந்து பழுப்பும் கருஞ்சிவப்புமாகக் கிடக்கிறது. சுவரில் ஜன்னல் என்று சொல்லத்தக்கது இல்லை. காற்றுக்கு மட்டும் ஒடுங்கிய கீற்றுத் துளைகள். நீளச் சுவரின் நடுவே பாரவண்டி நிமிர்ந்து நுழையக்கூடிய உயரக் கதவு, எதிர்ச் சுவரில் அதற்கு நேராக இன்னொன்று.

செங்கற்களை அருகே போய்ப் பாருங்கள். இன்றைய செங்கல் போல அச்சில் வார்த்த ஒழுங்கு கிடையாது. ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணல், கொஞ்சம் நிறபேதம். சூளையில் நெருப்புக்கு நெருக்கமாக இருந்தது கறுத்து, ஓரத்தில் இருந்தது இளஞ்சிவப்பாகவே நின்றுவிட்டது. ஒரு வரி முழுக்க நீளவாக்கு, அடுத்த வரி முழுக்கக் குறுக்குவாக்கு. நம்மூர்க் கொத்தனார்களும் இதை ‘இங்கிலீஷ் பாண்டு’ என்றே சொல்வார்கள். டியூடர் காலத்துச் செங்கல் வேலையில் பெரும்பாலும் இந்தக் கட்டுதான். செங்கல்லின் கனமும் குறைவு. அதனால் அதே உயரத்துக்கு வரிகள் கூடுதல், சாந்தும் கூடுதல். சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் பெரும்பகுதியில் தோண்டினால் சுண்ணாம்புப் பாறைதான். கட்டடத்துக்கு ஏற்ற கல்தான் கிடையாது. சக்கிமுக்கிக் கல் இருக்கிறது. அதை வைத்து மூலை திருப்ப முடியாது.

அதற்காக அக்காலத்தில் எல்லோரும் செங்கல்லுக்குப் போய்விடவில்லை. விவசாயக் கொட்டகை என்றால் மரச்சட்டம், இடையில் பலகையோ மிலாறு பின்னி மண் பூசிய தட்டியோ. எஸ்ஸெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்தில் தேவாலயப் போர்வீரர்களான டெம்ப்ளர்கள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய இரண்டு கொட்டகைகளும் மரச்சட்ட வேலைதான். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-இல் கட்டிய கொட்டகை இருக்கிறது. 192 அடி நீளம், முழுக்க ஓக். லண்டனுக்குப் போய் இறங்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அதன் தலைக்கு மேலேயே பறந்திருப்பார்களோ. நார்ஃபோக்கில் ஹேல்ஸ் ஹால் கொட்டகை போல 15-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்லில் கட்டியவை உண்டு. அவை அபூர்வம், கட்டியவர்களும் அரசவைப் பெரும்புள்ளிகள். செங்கல் அப்போது அரண்மனைக்கான சரக்கு. ஹாம்ப்டன் கோர்ட்டைச் செங்கல்லில் எழுப்பிய தலைமுறை அது. கதிர்க்கட்டு அடுக்கி வைக்கும் இடத்துக்கும் அதே செங்கல்லைப் போடுகிறவன் தன் களத்தையும் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தவனாகத்தான் இருப்பான்.

அப்படி நினைத்தவர் வில்லியம் பாலெட். 1531-இல் பேசிங்கில் கோட்டை எழுப்ப அரசரிடம் அனுமதி வாங்கினார். 1535-இல் எட்டாம் ஹென்றியே இங்கு வந்து தங்கினார். கொட்டகையின் ஓக் மரங்களும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில் வெட்டப்பட்டவை. பாலெட் பிறகு வின்செஸ்டர் மார்க்கிஸ் என்ற பிரபுப் பட்டம் பெற்றார். 1550 முதல் 1572-இல் சாகும்வரை நாட்டின் கருவூல அதிகாரி. எட்டாம் ஹென்றி, ஆறாம் எட்வர்டு, மேரி, முதலாம் எலிசபெத் என்று நான்கு ஆட்சிகள். இடையில் நாட்டின் மதமே முன்னும் பின்னுமாக மாறியது, கூட இருந்தவர்களின் தலைகள் உருண்டன, இவர் நாற்காலி மட்டும் அசையவில்லை. எப்படி ஐயா தாக்குப்பிடித்தீர் என்று கேட்டதற்கு, நான் ஓக் மரத்தில் பிறந்தவன் அல்ல, வில்லோ மரத்தில் பிறந்தவன் என்றாராம். நம் நாணல் கதைதான். வளைந்து கொடுத்துப் பிழைத்த மனிதர், தானியக் கொட்டகைக்கு மட்டும் வளையாத ஓக்கைத் தேடிப் போட்டிருக்கிறார்.

1560-இல் எலிசபெத் ராணி இங்கு விருந்துக்கு வந்தபோது, கருவூலர் மட்டும் இளைஞராக இருந்திருந்தால் இவரையே கட்டிக்கொண்டிருப்பேன் என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. விருந்து பலம். செலவும் பலம். பாலெட் பெருங்கடனோடுதான் செத்தார். மாளிகையைப் பராமரிக்க முடியாமல் வாரிசுகள் அதன் ஒரு பகுதியைத் தாங்களே இடித்தார்கள். கொட்டகையை யாரும் இடிக்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது தூண் இல்லை என்பது. கிரெஸ்ஸிங்கிலும் ஹார்மண்ட்ஸ்வொர்த்திலும் இரண்டு வரிசை மரத்தூண்கள் நின்று கூரையைத் தாங்கும். தேவாலயம் போல நடுவே ஒரு பாதை, இருபுறமும் ஒதுக்கு. இங்கே பாரம் முழுவதும் செங்கல் சுவரில் இறங்குகிறது, சுவர் நெளியாமல் வெளியே அணைசுவர்கள் பிடித்துக்கொள்கின்றன. சுவருக்குச் சுவர் விட்டங்கள் ஓடுகின்றன. விட்டத்தின்மேல் குத்துக்கால்கள், அதன்மேல் கைமரங்கள். பொருத்துகளில் இரும்பு கிடையாது. துளை, கழுந்து, குறுக்கே ஒரு மர ஆணி. வெட்டிய பச்சை ஓக்கை அப்படியே இழைத்துப் பொருத்துவது அக்காலத் தச்சர் வழக்கம். மரம் காயக் காயச் சுருங்கிப் பொருத்தை இறுக்கிக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கூரைகளில் நேர்கோட்டைப் பார்க்க முடியாது, அங்கங்கே முறுக்கிக்கொண்டிருக்கும். பிடிப்பு மட்டும் தளராது.

இந்தக் கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்பது நம் களத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா அறுவடை தை மாதத்தில். வானம் வெறிச்சென்று இருக்கும். திறந்த வெளியில் களத்தை மெழுகி, கட்டடித்து, போரடித்து, காற்று வந்ததும் தூற்றி, பொலியை அளந்து எடுத்துக்கொண்டு போய்ப் பத்தாயத்தில் கொட்டுவோம். களம் வேறு, களஞ்சியம் வேறு. இங்கிலாந்தில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். அந்த மாதங்களில் அவர்கள் மழையை நம்ப முடியாது. அறுத்த கதிரைக் கட்டுக்கட்டாக உள்ளே கொண்டுவந்து, கூரை முட்ட அடுக்கிவிட வேண்டும். அடித்துத் தூற்றுவது குளிர்காலம் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக. ஆகவே களத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். எதிரெதிரே நிற்கும் அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில் உள்ள தரைதான் களம். இருபுறமும் உள்ள அறைகட்டுகள் கதிர் அடுக்க. நிறைவண்டி ஒரு கதவால் நுழைந்து, பாரம் இறக்கி, திரும்பவேண்டிய அவசியமில்லாமல் மறு கதவால் வெறுவண்டியாக வெளியேறும். தூற்றும் நாளில் இரண்டு கதவையும் திறந்து வைத்தால் நடுவே காற்று பாயும், பதர் பறந்து போகும், மணி காலடியில் விழும்.

மாடு மிதிக்க விடுவதில்லை. இரண்டு தடிகளைத் தோல்வாரால் பிணைத்த கருவி ஒன்று உண்டு. நீளத் தடியைக் கையில் பிடித்துச் சுழற்றினால் குட்டைத் தடி கதிர்மேல் சாத்துகிறது. எதிரெதிரே இரண்டு ஆள், மாறி மாறி அடி. விடியலிலிருந்து இருட்டும்வரை, நாள்கணக்கில், தூசிக்குள். நின்று பார்த்தால் அழகான கட்டடம்தான். உள்ளே வேலை பார்த்தவனின் நுரையீரலைக் கேட்டால் வேறு சொல்லியிருக்கும். இன்றைக்கு ஐப்பசி மழையில் கொள்முதல் நிலைய வாசலில் குவித்த குறுவை நெல் நனைவதைப் பார்க்கும்போது, மழைக்குத் தோதாகக் களத்தைக் கட்டிக்கொண்ட இவர்கள் புத்தியைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

போர் வந்தது. 1642-இல் முதலாம் சார்லஸ் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட சண்டையில், பாலெட் வம்சத்தின் ஐந்தாம் மார்க்கிஸ் ஜான் கத்தோலிக்கர், அரசர் கட்சி. லண்டனிலிருந்து மேற்கே போகும் பெருவழியை மறித்துக்கொண்டு இருந்தது அவருடைய மாளிகை. விட்டுவைப்பார்களா?

1643 நவம்பரில் பாராளுமன்றத் தளபதி வில்லியம் வாலர் சுமார் 7000 பேருடன் வந்து இறங்கினார். கோட்டைக்கு வெளியே இருந்த பண்ணைக் கட்டடங்களைத்தான் அவருடைய படை முதலில் பிடித்தது. நாம் நிற்கும் கொட்டகையும் அதைச் சுற்றியிருந்தவையும்தான் அவை. உள்ளே தின்னவும் குடிக்கவும் நிறைய இருந்ததாகவும், பசியோடு வந்த சிப்பாய்கள் சண்டையை மறந்து அதில் இறங்கிவிட்டதாகவும், அதற்குள் கோட்டைக்காரர்கள் பாய்ந்து வந்து அடித்துத் தீ வைத்ததாகவும் அரசர் தரப்பு எழுத்துகள் சொல்கின்றன. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் பண்ணையைச் சுற்றி நடந்த சண்டை கடுமையானது என்பதில் சந்தேகமில்லை. சில நாள் கழித்து மறுபடி தாக்கச் சொன்னபோது வாலரின் லண்டன் படைப்பிரிவினர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கூச்சலிட்டுக் கலைந்தார்கள். கொட்டகைச் சுவரில் இன்றும் குண்டுபட்ட பொத்தல்களைக் காணலாம். மெத்தென்ற டியூடர் செங்கல், குண்டை வாங்கிக்கொண்டு உதிர்ந்திருக்கிறதே தவிர வெடித்துப் பிளக்கவில்லை.

முற்றுகைக்குள் அடைபட்டவர்கள் யார் என்று பார்த்தால் வேடிக்கையான கூட்டம். கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ், படம் செதுக்குவதில் பேர்பெற்ற வென்சலாஸ் ஹாலர், படக்கடைக்காரர் ராபர்ட் பீக். எனக்குப் பிடித்தவர் தாமஸ் ஜான்சன். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த தாவர இயல் அறிஞர், ஜெரார்டின் புகழ்பெற்ற மூலிகை நூலைத் திருத்திப் பதிப்பித்தவர். பெர்முடாவிலிருந்து வந்த ஒரு வாழைத்தாரை 1633-இல் தம் கடையில் தொங்கவிட்டு லண்டன்வாசிகளைத் திரளவைத்தவரும் இவரே. தார் பழுத்து, தின்று முடிக்கும்வரை ஊரே பேசியிருக்கும். அந்த மனிதர் பேசிங்கில் படைத் துணைத்தலைவராகி, 1644 செப்டம்பரில் தோளில் குண்டு பட்டு, காய்ச்சலில் இறந்தார்.

முற்றுகை என்பது கடைசியில் தானியக் கணக்குதான். 1644 கோடையில் மறுபடி வளைத்து, உள்ளே இருந்தவர்களைப் பட்டினி போடப் பார்த்தார்கள். செப்டம்பரில் அரசர் படை இருந்த ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஹென்றி கேஜ் என்பவர் இரவோடு இரவாகப் படை நடத்தி வந்து வளையத்தை உடைத்தார். வந்தவர் வெடிமருந்தோடு நிற்கவில்லை, பேசிங்ஸ்டோக் ஊரில் கையில் அகப்பட்ட தானியத்தையும் கால்நடையையும் ஓட்டிக்கொண்டு வந்து கோட்டைக்குள் சேர்த்துவிட்டுப் போனார். ஒரு வருடம் கழிந்தது. 1645 அக்டோபர் 8-ஆம் தேதி ஆலிவர் கிராம்வெல் பெரிய பீரங்கிகளோடு வந்தார். 14-ஆம் தேதி விடியலில் புகுந்தார்கள், காலைக்குள் முடிந்தது. எழுபது தாண்டிய இனிகோ ஜோன்ஸை, உடுப்பு பறிபோன நிலையில் ஒரு போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்களாம். பாராளுமன்றத்துக்குத் தகவல் கொண்டுபோன ஹியூ பீட்டர் என்ற போதகர், உள்ளே 400 குவார்ட்டர் கோதுமை இருந்ததாகக் கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் ஏறக்குறைய 90 டன். இன்னும் பல காலம் தாங்கியிருக்கும். பட்டினி வீழ்த்தாத கோட்டையைப் பீரங்கி வீழ்த்தியது.

மறுநாளே பாராளுமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மாளிகையை அடியோடு இடிக்க வேண்டும், கல்லோ செங்கல்லோ வேண்டியவர்கள் வந்து இலவசமாக எடுத்துக்கொண்டு போகலாம். சொன்னால் போதாதா? சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்தது. கிராமத்து வீட்டுச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அந்தச் சுவர்களில் மாளிகைச் செங்கற்கள் இருக்கின்றன என்பது ஊர் வழக்கு. கிராமத்து செயின்ட் மேரி தேவாலயத்தின் முகப்பில் மட்டும் மாதாவும் குழந்தையுமாக ஒரு சிலை தப்பித்து நிற்கிறது. சிலை உடைப்பதையே தர்மமாகக் கொண்ட படை அந்த ஊரிலேயே தங்கியிருந்தது. கொடி படர்ந்து மூடியிருந்ததால் கண்ணில் படவில்லை என்கிறார்கள்.

அத்தனை செங்கல்லும் போனபோது கொட்டகையின் செங்கல் ஏன் போகவில்லை? கொட்டகையால் எதிரிக்கு ஆபத்தில்லை, ஆளுக்கும் மாட்டுக்கும் உபயோகம் இருந்தது என்பதுதான் என் கணிப்பு. யார் ஜெயித்தாலும் அடுத்த ஆகஸ்டில் கதிர் அறுத்தாக வேண்டும், அடுக்க ஓர் இடம் வேண்டும். மாளிகை இருந்த மேட்டில் புல் முளைத்தது. கொட்டகையில் வழக்கம்போலக் கோதுமை வந்து இறங்கியது. பாலெட் வழிவந்த போல்டன் பிரபுக்கள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாளிகை இடிபாடுகளைத் தோண்டி ஆராய்ந்தபோதும் இது பண்ணைக் கட்டடம்தான்.

இதற்கிடையில் இன்னொரு போர், அதிகம் பேசப்படாதது. 1786-இல் ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரூ மீக்கில் கதிரடிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். மெல்ல மெல்ல அது தென் இங்கிலாந்துக்கும் வந்தது. குளிர்காலத்தில் வயலில் வேலை கிடையாது. கொட்டகைக்குள் தடி சுழற்றித்தான் கூலிக்காரக் குடும்பம் அடுப்பெரித்தது. அந்த வேலையும் போனால்? 1830-இல் கென்ட்டில் கிளம்பிய கலகம் ஹாம்ப்ஷயர் முழுக்கப் பரவியது. ‘கேப்டன் ஸ்விங்’ என்ற கற்பனைப் பெயரில் பண்ணையார்களுக்கு மிரட்டல் கடிதங்கள் போயின, இயந்திரங்கள் நொறுங்கின. டிசம்பரில் வின்செஸ்டரில் சிறப்பு நீதிமன்றம் கூடியது. நாடு முழுக்க 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஏறத்தாழ 500 பேரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். பேசிங்கின் விளக்கப் பலகைகளில் மார்க்கிஸும் கிராம்வெல்லும் விரிவாக வருகிறார்கள். இந்தத் தரையில் வருடா வருடம் தடியடித்த ஆட்களைப் பற்றி அதில் பாதியாவது எழுதியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

இயந்திரத்துக்குப் பிறகு அறுப்பதையும் அடிப்பதையும் வயலிலேயே முடித்துவிடும் கம்பைன் வந்தது. இங்கிலாந்து முழுக்கக் கதிர்க்கொட்டகைகள் வேலையிழந்தன. சில விழுந்தன. பலவற்றை வாங்கி நடுவே தளம் போட்டு, கூரையில் கண்ணாடி பதித்து, வசதியுள்ளவர்கள் வீடாக்கிக்கொண்டார்கள். அப்படி மாற்றிய கொட்டகைகளைப் போகிற வழியில் நிறையப் பார்க்கலாம். வெளியே அழகாகவே இருக்கும். தரையிலிருந்து முகடுவரை தடையில்லாமல் கிடந்த அந்த வெற்றிடம் போய்விட்டால் பிறகு கொட்டகையில் மிஞ்சுவது சுவர்தான். பேசிங் கொட்டகை அந்த விதியிலிருந்து தப்பியது. இடிபாடுகளும் இதுவும் 1970-களில் ஹாம்ப்ஷயர் மாவட்ட நிர்வாகத்தின் கைக்கு வந்தன. இப்போது ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. உள்ளே தடுப்பு இல்லை, தளம் இல்லை. நம்மூர்த் தேர் ஒன்றைச் சகடையோடு உள்ளே நிறுத்தினாலும் இடம் மிஞ்சும்.

கல்யாணங்களுக்கும் விருந்துகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்கள். பழைய கட்டடத்தைக் காப்பாற்ற ஆகும் செலவுக்கு அது ஒரு வழி. ஓட்டை மாற்றவும் சாந்து பூசவும் காசு எங்கிருந்தோ வரத்தானே வேண்டும்? நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காலத்தில் பேசிங் ஹவுஸ் மூடியிருக்கும், கல்யாணம் இருக்கும் நாளில் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். கிளம்புவதற்கு முன் விசாரித்துவிட்டுப் போங்கள். நேரம் குறைவாக இருந்தால் இடிபாடுகளைச் சுருக்கிக்கொள்ளுங்கள், கொட்டகைக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.